நடுக்கடலில் ஒரு மேஜை

ஆபீஸ்ல எனக்குக் குக்கர்னு பேரு. மூணு விசில் அடிச்சாத்தான் அடங்குவேனாம். நேர்ல யாரும் கூப்பிட மாட்டாங்க, ஆனா நான் அந்தப் பக்கம் போனா பேக்கிங் பொண்ணுங்க பல்லுக்கு நடுவுல மெதுவா ஒரு 'ஸ்ஸ்' விடுவாங்க. காதுல விழாத மாதிரி போயிடுவேன். நான் மட்டும் என்ன யோக்கியமா? மைனஸ் அக்காவுக்கு மைனஸ்னு பேரு வெச்சதே நான்தான். வெச்சது வயித்தெரிச்சல்ல. அந்த வயித்தெரிச்சல் எப்படிப் போச்சுன்னுதான் சொல்ல வர்றேன்.

எங்களுது சின்ன கம்பெனி. இடம் காட்டுற பெட்டி செய்யறோம். சோப்பு டப்பா சைஸ், தோள்பட்டையில மாட்டிக்கலாம். தலைக்கு மேல இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துல சாட்டிலைட்டுங்க சுத்துது இல்லையா, அதுங்க அனுப்புற சிக்னலைக் கேட்டு, ஆள் எங்க நிக்கிறார்னு கண்டுபிடிச்சு, கூட வந்தவங்க திரையில ஒரு புள்ளியாக் காட்டும். கீழ்த்தளத்துல இதைச் செய்யறது என் பொறுப்பு. மாடியில, வராண்டா முடியற இடத்துல ஒரு இரும்பு அறை. செஞ்ச பெட்டிக்குக் காது எவ்வளவு கூர்மைன்னு அதுக்குள்ள உட்கார்ந்து சோதிக்கிறது அக்கா பொறுப்பு. அவங்க கையெழுத்து இல்லாம ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாது.

அந்த அறையைச் சொல்லணும். சுவர், தரை, கூரை எல்லாம் இரும்புத் தகடு. உள்பக்கம் பூரா கறுப்பு ஸ்பாஞ்சு, கூம்பு கூம்பா. கதவே நாலு ஆள் கனம். கதவு விளிம்பைச் சுத்தி செம்புத் தகட்டை விரல் விரலா வெட்டி ஒட்டியிருக்கும். மூடினா அந்த விரலெல்லாம் நிலையோட அழுந்திப் படிஞ்சுக்கும். உடனே செல்போன் செத்துப் போகும். நிஜ வானம் வெளியிலேயே நின்னுடும். உள்ளே ஒரு கருவி பொய் வானம் காட்டும். நிஜ சாட்டிலைட் எப்படிப் பேசுமோ அச்சு அசலா அப்படியே பேசும். அக்கா அதுல நடுக்கடல்ல ஒரு இடத்தைக் கொடுத்து வெச்சிருப்பாங்க, தேதியும் போன வருஷத் தேதி. மேஜை மேல கிடக்கிற பெட்டி, தான் போன வருஷத்துல நடுக்கடல்ல மிதக்கிறதா நம்பிக்கிட்டு இருக்கும். அப்புறம் அந்தப் பொய் சிக்னலைப் படிப்படியாக் குறைப்பாங்க. எது வரைக்கும் கேக்குது, எங்க விட்டுடுது? அவ்வளவுதான் சோதனை.

சிக்னல் அளவைச் சொல்ற அந்த எண்ணெல்லாம் மைனஸ்லதான் வரும். திறந்த வெளியில மைனஸ் நூத்தி முப்பது. மூணு இறங்கினா சக்தி பாதி. மைனஸ் நூத்தி அறுபதுன்னா திறந்த வெளியில வர்றதுல ஆயிரத்துல ஒரு பங்கு. மைனஸ் எவ்வளவு பெருசோ காது அவ்வளவு கூர்மை. நான் ஒரு லாட் பெட்டிங்களை முடிச்சு மூச்சு விட்டுட்டு மேல அனுப்பினா, அவங்க ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவாங்க: 'மூணு போதல.' எனக்கு விசில் அடிக்க ஆரம்பிச்சுடும்.

அக்காவுக்கு அம்பத்தி மூணு வயசு. படிச்சது பன்னெண்டாவது. சால்டர் வைக்கிற வேலைக்கு வந்தவங்க. இரும்பு அறையைப் பார்த்துக்கிட்டிருந்த இன்ஜினியர் திடீர்னு வேலையை விட்டுப் போனப்ப, "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ சும்மா பட்டனை அழுத்து"ன்னு முதலாளி உள்ளே உட்கார வெச்சார். இருபத்தோரு வருஷம் ஆச்சு, ஆள் இன்னும் கிடைக்கல. இப்ப இன்ஜினியருங்க சந்தேகம்னா அவங்ககிட்டதான் வந்து நிக்கிறாங்க. குரல் ரொம்பச் சின்னது. அவங்க வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுறவர், அவர் குரல் அதுக்கும் சேர்த்து. "எங்க வீட்ல சத்தத்துக்கு நான், சிக்னலுக்கு அவ"ம்பார்.

ஒருநாள் ஒரு அவசரக் கையெழுத்துக்காக அவங்க வீட்டுக்குப் போக வேண்டியதாப் போச்சு. மொட்டை மாடியில துணி உலர்த்திக்கிட்டிருந்தாங்க. கிளிப்பைப் பல்லுல கடிச்சுக்கிட்டே அண்ணாந்து பார்த்துட்டு, "இப்ப நமக்கு மேல பதினொண்ணு இருக்கு சார்"னாங்க.

"என்ன பதினொண்ணு, காக்காவா?"

"சாட்டிலைட்."

நானும் அண்ணாந்து பார்த்தேன். நீலமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

"கிளம்பற இடத்துல அதுக்கு ஒரு குண்டு பல்பு எரியற சக்திதான் சார்," கையெழுத்துப் போட்டுக்கிட்டே சொன்னாங்க. "இங்க வந்து சேர்றப்ப, பெட்டிக்குள்ள தானா இருக்கிற இரைச்சலை விடவும் சின்னதாப் போயிடுது. இருந்தாலும் பெட்டி பிடிச்சுக்குது. எப்படின்னு கேளுங்க."

கேக்கல. அவங்களே சொன்னாங்க. "கூட்டத்துல ஆயிரம் பேர் கத்திக்கிட்டிருப்பாங்க. எங்கேயோ ஒருத்தர் நம்ம பேரைச் சொன்னா மட்டும் டக்குனு திரும்பறோம் இல்ல? எதைக் கேக்கணும்னு அதுக்கு முன்னாடியே தெரியும். அதனால கேக்குது."

சரி, அக்காவுக்கு வெயில் கொஞ்சம் அதிகமாத் தாக்கிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு பேப்பரை வாங்கிட்டு வந்துட்டேன்.

இப்ப என் தம்பி. மீட்புப் படையில இருக்கான். மலையில, பள்ளத்துல யாராவது விழுந்தா கயிறு கட்டி இறங்கித் தூக்கிட்டு வர்ற வேலை. போன மழைக்காலத்துல ஒரு ஆழமான பள்ளத்துல இறங்கினான். ரெண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவுல ஒரு கீத்து வானம். அவன் தோள்ல இருந்த பழைய பெட்டிக்கு, வேற கம்பெனிது, அந்தக் கீத்து போதல. புள்ளி மறைஞ்சுடுச்சு. பாறை சரிஞ்சு காரை எலும்பு உடைஞ்சு கிடந்தவனை நாலு மணி நேரம் தேடியிருக்காங்க. அம்மா இன்னும் போன் அடிச்சா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எடுக்கிறாங்க.

அந்தப் படையே எங்க கம்பெனிக்கு முந்நூறு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துச்சு. ஒரே நிபந்தனை, மைனஸ் நூத்தி அறுபத்தி ரெண்டுல கேக்கணும். தம்பிகிட்ட, "டேய், இது உங்க அண்ணன் கைப்பட செஞ்சது, சொன்ன தேதிக்கு உன் தோள்ல இருக்கும்"னு அடிச்சு விட்டுட்டேன்.

சரியா அந்த நேரம் பார்த்து மைனஸ் அக்காவோட பொண்ணுக்குப் பிரசவம். ஒன்பது நாள் லீவு. போறப்ப ஒரு ஸ்கூல் நோட்டுல பன்னெண்டு படி எழுதி என் கையில கொடுத்தாங்க. "முந்நூறுல பதினெட்டுப் பெட்டியை எடுத்து சோதிங்க சார். இதுல இருக்கிறபடி செஞ்சா போதும்." ஒண்ணாவது, கதவை முழுசா மூடி பிடியைக் கீழே தள்ளவும். ரெண்டாவது, உள்ளே இருக்கிற பிளக்குல வேற எதையும் மாட்டக் கூடாது. இப்படியே போகுது. பதினொண்ணாவது, பெட்டி தான் எங்க இருக்கிறதாச் சொல்லுதோ அந்த இடத்தையும் தேதியையும் ஒவ்வொரு தடவையும் எழுதவும்.

இதைப் படிச்சதும் சிரிப்பு வந்துச்சு. பெட்டி எங்க இருக்கு? என் கண்ணு முன்னாடி, மேஜை மேல. இதுல எழுதறதுக்கு என்ன இருக்கு? திரையில வர்ற எண்களை நான் திரும்பிக்கூடப் பார்க்கல. பதினொண்ணை விட்டுட்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிக்கிச்சு. கூரையில ஒரு சல்லடை ஓட்டை, அது வழியா வர்றதுதான் காத்து. அக்கா ஒரு அட்டையால விசிறிக்கிட்டே இருபத்தோரு வருஷம் ஓட்டியிருக்காங்க. நம்மால ஆகாது. பேக்கிங்ல இருந்து ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்தேன். உள்ளே பிளக்குல மாட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கே, மீறலாமா? வெளியில ஜன்னல் பக்கத்துல இருக்கிற பிளக்குல மாட்டி, வயரைக் கதவு வழியா உள்ளே இழுத்து, வயர் மேலேயே கதவைச் சாத்தி, பிடியில தொங்கி, ஒரு வழியா மூடினேன். நோட்டுல இருந்ததை எழுத்துக்கு எழுத்து கேட்டுட்டேன்னு எனக்கு நானே ஒரு சபாஷ் வேற.

சிக்னலைக் குறைச்சேன். நூத்தி அம்பது, நூத்தி அம்பத்தி நாலு. அதுக்குக் கீழே பெட்டி திணறுச்சு, விட்டுடுச்சு. நிறுத்தாம அப்படியே பார்த்துக்கிட்டிருந்தேன். ரெண்டு மூணு நிமிஷம் போச்சு. திரும்பப் பிடிச்சுடுச்சு. அறுபது, பிடிச்சுக்கிட்டிருக்கு. அறுபத்தஞ்சு, பிடிச்சுக்கிட்டிருக்கு. நூத்தி எழுபதுல அந்தக் கருவியே, இதுக்கு மேல என்னால குறைக்க முடியாதுன்னு கையை விரிச்சுடுச்சு. பதினெட்டுப் பெட்டியும் இதே கதை. எனக்குத் தலைகால் புரியல. முதலாளி அன்னைக்கே மீட்புப் படைக்கு போன் போட்டு மைனஸ் நூத்தி எழுபதுன்னு பெருமை அடிச்சுட்டார்.

அக்கா வர்றதுக்கு முந்தின நாள் ஃபேனை எடுத்து பேக்கிங்ல வெச்சுட்டேன். ஃபேனுக்கும் சாட்டிலைட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னுதான் நினைச்சேன். ஆனாலும் அவங்க பார்த்தா ஏதாவது சொல்வாங்க, எதுக்கு வம்பு.

மறுநாள் காலையில லாரி வந்து நின்னுடுச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு ஏத்தணும். அக்கா பாப்பா பவுடர் வாசனையோட வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தாங்க.

"எழுபதா சார்?"

"எழுபது."

"பதினெட்டுமா?"

"பதினெட்டும்தான். பேத்தி நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. பதினொண்ணாவது படி எங்க சார்?"

முதல் விசில் அடிச்சுது. "மேடம், நீங்க ஒன்பது நாள் லீவுல இருந்தீங்க, நான் அந்த அடுப்புக்குள்ள வெந்துக்கிட்டு உங்க வேலையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்ல மனசு வரலையா? வந்ததும் வராததுமா கழிக்கணுமா?"

அவங்க நோட்டை மூடினாங்க. பெட்டியைத் தூக்கிட்டு உள்ளே போனாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து எழுதிக் காட்டினாங்க. மைனஸ் நூத்தி அம்பத்தி நாலு. எட்டு போதல.

முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் ரெண்டு பேப்பரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "ஏம்மா, இவர் கையில எழுபது, உங்க கை பட்டதும் அம்பத்தி நாலா?"

பெட்டிக்குள்ள ஒரு நினைவுப் பகுதி உண்டு. எந்த நேரம் எங்க இருந்தேன்னு தானாவே எழுதி வெச்சுக்கும். அக்கா அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு விரலால காட்டினாங்க. "அம்பத்தி நாலு வரைக்கும் பாருங்க. நடுக்கடல், போன வருஷம். நான் கொடுத்த பொய் வானம். இங்க விட்டுடுச்சு. மூணு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் பாருங்க. போன வாரத் தேதி. இடம், நம்ம ஆபீஸ் கார் ஷெட்டுக்குப் பக்கத்துல."

முதலாளி முகம் மலர்ந்துடுச்சு. "அட, நம்ம இடத்தைத்தானே காட்டுது? சரியாத்தானே காட்டுது?"

"சரியாக் காட்டினதுதான் தப்பு சார். இது என் சிக்னலைக் கேக்கல. நிஜ வானத்தைக் கேட்டிருக்கு. நான் பொய் வானத்தை எவ்வளவு குறைச்சாலும் இதுக்கு என்ன கவலை? அப்ப எழுபதுன்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல."

"இரும்பு அறைக்குள்ள நிஜ வானம் வராதுன்னு நீங்கதானேம்மா இத்தனை வருஷமா சொல்றீங்க? இன்னைக்குக் காலையில வரலையே, அன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சு? நாலு மணிக்குள்ள வழி எதுன்னு காட்டுங்க. இல்லாட்டி நான் கையெழுத்துப் போட்டு ஏத்திடுவேன்." சொல்லிட்டு அவர் போயிட்டார்.

அக்கா டார்ச்சை எடுத்துக்கிட்டு கதவுகிட்ட மண்டி போட்டாங்க. வலது முட்டி அவங்களுக்கு மடங்காது, ஒரு பக்கமா சாஞ்சுதான் உட்காரணும். மேல இருந்து ஒவ்வொரு செம்பு விரலாத் தொட்டுத் தொட்டு, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பார்த்தாங்க. முந்நூறு விரலாவது இருக்கும்.

நான் வராண்டாவுல நின்னேன். ஃபேன் என் நாக்கு நுனியில இருந்துச்சு. அன்னைக்கு இருந்து இன்னைக்கு இல்லாதது அது ஒண்ணுதான். சொன்னா என் மானம் போகும், லாரி நிக்கும், தம்பிக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாட்டி? நாலு மணிக்கு அந்தப் பெட்டிங்க போயிடும். நூத்தி எழுபதுன்னு நம்பி என் தம்பி இறங்குவான். அடியில அந்தக் கீத்து வானத்துக்கு அது காது கேக்காம நிக்கும். அவன் தோள்ல இருக்கிற பெட்டிக்கு நான் எந்தக் கதவு இடுக்குல வயர் விடறது?

"இங்க மூணு விரல் நசுங்கியிருக்கு," கணுக்கால் உயரத்துல டார்ச் அடிச்சுக்கிட்டு அவங்க முணுமுணுத்தாங்க. "என்னமோ வெச்சு அழுத்தின மாதிரி..."

"அக்கா, அது நான்தான்."

அன்னைக்கு வரைக்கும் நேர்ல மேடம்தான். அவங்க திரும்பிப் பார்த்தாங்க.

"ஃபேன் வெச்சேன். வேர்த்துச்சு. உள்ளே பிளக்குல மாட்டல. நீங்க எழுதியிருந்தீங்களே. வெளியில மாட்டி, வயரை இப்படி..."

டார்ச் வெளிச்சத்தை என் முகத்துல அடிச்சுப் பார்த்தாங்க. இதுக்கு அறைஞ்சிருந்தா தேவலை. "கதவை முழுசா மூடுன்னு எழுதினேன். வயர் விடாதேன்னு எழுதாம விட்டது என் தப்பு. போய் அந்த ஃபேனைக் கொண்டு வாங்க சார்."

கொண்டு வந்தேன். அதே ஜன்னல், அதே பிளக், அதே இடுக்கு. ரெண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து கதவை நெரிச்சு மூடினோம். இந்த முறை அக்கா பொய் வானத்தை மொத்தமா அணைச்சுட்டாங்க. திரையில நடுக்கடல் போயிடுச்சு. ஒண்ணும் இல்ல. ஃபேன் மட்டும் கடகடன்னு சுத்துது. ரெண்டு நிமிஷம் ஆச்சு. அப்புறம் திரையோட ஓரத்துல ஒரு சின்னக் கோடு எழும்புச்சு. ஒரு சாட்டிலைட். இன்னொண்ணு. மூணு. நாலு. இன்னைக்குத் தேதி. எங்க கார் ஷெட்.

அக்கா கன்னத்துல கையை வெச்சுக்கிட்டாங்க. "இருபத்தோரு வருஷமா இதுக்குள்ள பொய் வானத்தோடயே இருக்கேன் சார். நிஜ வானம் உள்ளே வந்து இப்பதான் பார்க்கிறேன்." அந்தக் கோடுங்களை விரலால தொட்டுக் காட்டினாங்க. "ஒரு பல்பு சக்தி. இருபதாயிரம் கிலோமீட்டர். ஜன்னல்ல நுழைஞ்சு, ஒரு பழைய ஃபேன் வயரைப் பிடிச்சுக்கிட்டு, நசுங்கின இடுக்குல புகுந்து வந்திருக்கு. அதையும் இது கேட்டிருக்கே."

பதினாலு வருஷமா நான் இந்தப் பெட்டியை ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளியிருக்கேன். உள்ளே என்ன நடக்குதுன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். அந்த வயரை, தூசி படிஞ்ச அந்த மஞ்சள் வயரை, ஏதோ சாமி வந்து போன இடம் மாதிரி தாண்டித்தான் வெளியில வந்தேன்.

முதலாளி லாரியைத் திருப்பி அனுப்பினார். எனக்குக் கிடைச்ச பாட்டு வராண்டா முழுக்கக் கேட்டுச்சாம். பேக்கிங் பொண்ணுங்க ஒரு வாரம் 'ஸ்ஸ்' விடல, பாவம்னு விட்டுட்டாங்க. அக்கா அன்னைக்கே ஒரு பெட்டியோட மூடியைக் கழட்டி சோதிச்சாங்க, எடுத்ததும் நூத்தி அறுபத்தி மூணு. மூடியைப் போட்டா அம்பத்தி நாலு. பளபளன்னு இருக்கட்டும்னு முதலாளி ஆசைப்பட்டு அடிக்கச் சொன்ன வெள்ளி பெயிண்ட்ல உலோகத் தூள் கலந்திருக்கு. காதை நாங்களே பொத்திவிட்டிருக்கோம். முந்நூறு மூடியையும் மாத்த மூணு வாரம் ஆகும். தம்பிக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். அவன், "மூணு வாரம்தானேண்ணே, பழசோட ஓட்டிக்கிறேன்"னான். அந்த மூணு வாரமும் அம்மா மாதிரி நானும் போனை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எடுத்தேன்.

புது ஆரஞ்சு மூடி போட்ட பெட்டிங்களை வாங்கறதுக்கு முன்னாடி படைக்காரங்க நேர்லயே ஒரு சோதனை வெச்சாங்க. அதே பள்ளம். அக்காவும் நானும் மேல விளிம்புல, ஒரு மடக்கு மேஜையில திரையை வெச்சு உட்கார்ந்திருக்கோம். இறங்கறது யாருன்னா என் தம்பி. "நான்தான் போவேன்"னு ஒத்தக் கால்ல நின்னிருக்கான். கயிறு இழுபட இழுபட ஹெல்மெட் சின்னதாகி பாறைக்குப் பின்னாடி மறைஞ்சுது. திரையில புள்ளி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. போன தடவை காணாமப் போன இடம் வந்துச்சு. புள்ளி அணைஞ்சுடுச்சு.

சட்டுனு எழுந்துட்டேன். நாற்காலி கீழே விழுந்தது கூடத் தெரியல.

"உட்காருங்க சார்," அக்கா சொன்னாங்க. கண்ணு திரையை விட்டு நகரல. "தேடுது."

நான் அண்ணாந்து பார்த்தேன். நீலமாத்தான் இருந்துச்சு. ஆனா இந்தத் தடவை அது காலியா இல்ல. பதினொண்ணோ பன்னெண்டோ, குண்டு பல்பு குண்டு பல்பா, பேரைச் சொல்லிக்கிட்டே இருக்குதுங்கன்னு எனக்குத் தெரியும். கேட்டுடுடா, கேட்டுடுடான்னு அந்த சோப்பு டப்பாவைக் கெஞ்சினேன். இதைச் சொல்ல எனக்கு வெக்கமே இல்ல.

புள்ளி வந்துச்சு.

நான் முதல்ல தேதியைப் பார்த்தேன். இன்னைக்குத் தேதி. அப்புறம் இடத்தைப் பார்த்தேன். பள்ளத்தோட அடி, ஓடைக்கு இந்தப் பக்கம். மெதுவா நகர்ந்துக்கிட்டிருந்துச்சு, அவன் நடக்கிற மாதிரியே.

அக்கா அந்த ஸ்கூல் நோட்டை என் பக்கம் தள்ளினாங்க. "பதினொண்ணாவது படி எழுதுங்க சார்."

ஒவ்வொரு எண்ணையும் ரெண்டு தடவை சரிபார்த்து எழுதினேன். பக்கத்துல, குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், வழக்கமா யாரும் எழுத மாட்டாங்க. அதுல 'இங்க இருக்கான்'னு எழுதினேன்.

அக்கா படிச்சுப் பார்த்தாங்க. எதையும் கழிக்கல. கீழே கையெழுத்துப் போட்டாங்க.